முதல் ஊசி புஹாரி நானாவுக்கு

பதுளை பஸார் வீதியில் புஹாரி நானாவின் துணிக்கடைக்குள் போனால் கல்லாவுக்கு மேலே ஒரு வரிசைப் படங்கள் தொங்கும். கடைசியில் தொங்கும் ஒன்றைத் தவிர எல்லாப் படத்திலும் ஒரே ஆள், ஒரே கோலம். புஹாரி நானா கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். சேர்ட்டின் இடது கை முழங்கைக்கு மேலே சுருட்டியிருக்கிறது. கையில் ஊசி, முகத்தில் கலியாண வீட்டுச் சிரிப்பு. முதல் படத்தில் தலை நிறைய முடி. அப்படியே வலப்பக்கம் பார்த்துக்கொண்டு போனால் முடி குறையும், வயிறு கூடும், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கும். கடைசிக்கு முந்திய இரண்டு படங்களில் அதுவும் குறைந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஜெயராசா.

ஜெயராசாவுக்கு முன்னால் கழகத்தைச் சொல்ல வேண்டும். நேசக்கரம் சேவைக் கழகம் பதுளைக் கடைக்காரர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் சேர்ந்து நடத்துவது. மண்சரிவு என்றால் அரிசி மூட்டையோடு கொஸ்லந்தைப் பக்கம் போவார்கள். தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பி, வயதானவர்களுக்கு மூக்குக்கண்ணாடி, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி. வருஷத்துக்கு ஒருமுறை இரத்ததான முகாம். அதுதான் கழகத்தின் பெரிய நாள்.

முதலாவது முகாமில் ஒரு சங்கடம் நடந்தது. மண்டபத்தில் கூட்டம் இருந்தது, கட்டில்கள் இருந்தன, தாதிமார் இருந்தார்கள். கட்டிலுக்குக் கிட்டப் போகத்தான் ஒருவரும் இல்லை. ஆண்கள் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இரத்தம் கொடுத்தால் ஆறு மாதத்துக்குச் சாமான் தூக்க ஏலாது என்று யாரோ ஒருவர் சொல்ல, நாலைந்து பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். புஹாரி நானா அன்று வந்தது கட்டில்களுக்குத் தன் கடை விரிப்புகளைக் கொடுக்க மட்டுமே. கதவோரக் கட்டிலில் விரிப்பை விரித்தவர், அதன் மேலேயே ஏறிப் படுத்துவிட்டார்.

“எனக்கு முதல்ல குத்துங்க மிஸ். நான் செத்து மௌத்தானா இவங்க எல்லாரும் வீட்ட போகட்டும்.”

மண்டபம் சிரித்தது. செருப்பு தேடியவர்கள் வரிசைக்கு வந்தார்கள். அன்றிலிருந்து நேசக்கரத்தில் அது ஒரு முறையாகிவிட்டது. முதல் ஊசி புஹாரி நானாவுக்கு. அவருக்குக் குத்தி, படம் எடுத்து முடியும்வரை வேறு ஒருவரும் கட்டிலில் ஏற மாட்டார்கள். யாரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. யாரும் மீறவும் இல்லை. பெருநாள், கலியாணம், பேரப்பிள்ளை எல்லாவற்றையும்விட அந்த ஒரு காலைக்காகத்தான் அவர் வருஷம் முழுவதும் காத்திருந்தார் என்று மனைவி லரீபா சொல்கிறார். மிகைப்படுத்திச் சொல்லும் பெண் அல்ல அவர்.

பிறகு ஜெயராசா வந்து சேர்ந்தார்.

பசறை வீதியில் ஹார்ட்வெயார் கடை. தகப்பன் காலத்துக் கடை. புஹாரி நானாவைவிடப் பதினைந்து வயது இளமை. சேர்ந்த வருஷமே முகாமுக்கு ஒரு லொறி வந்து நின்றது. கடைச் சாமான் ஏற்றும் லொறிதான். அதிலிருந்து பசறைக்கு மேலேயுள்ள தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். படம் எடுப்பவர் கட்டிலை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அந்த வாரப் பத்திரிகையில் லொறி முழுதாக வந்தது. மூலையில் புஹாரி நானாவின் முழங்கை வந்தது.

“இது என்ட கைதான்,” என்று அவர் வாடிக்கையாளருக்கு விரலால் காட்டினார். “பேப்பர்க்காரன் நேரா வெட்டிட்டான். வேணுமெண்டுதான்.”

அது போதாதென்று இரண்டாவது வருஷம் இன்னொன்று தெரியவந்தது. ஜெயராசாவின் இரத்தம் ஓ நெகட்டிவ். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு மட்டுமே இருக்கும் வகை. அவசரம் என்றால் இரத்த வங்கியிலிருந்து அவருக்கு நேரே போன் வரும். பாதி வியாபாரத்தில் கடையை விட்டுவிட்டு ஓடுவார். புஹாரி நானாவுடையது பி பொசிட்டிவ். அவருக்கு அப்படி ஒரு போன் வந்ததே இல்லை. ஒருநாள் தாதி ஒருவர் மகளுக்குச் சீத்தைத் துணி எடுக்கக் கடைக்கு வந்தபோது, புஹாரி நானா துணியை அளந்துகொண்டே கேட்டார்.

“மிஸ், வயசு போகப் போக ரத்த வகை மாறுமா?”

“மாறாது முதலாளி.”

“சாப்பாட்ட மாத்தினா?”

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த லரீபா தலையில் அடித்துக்கொண்டார். மகளின் பெயரைச் சொல்லித்தான் அவர் கணவரைக் கூப்பிடுவார். “ரிஸ்காட வாப்பா, ஒரு மனிசன்ட கடையைப் பாத்துப் பொறாமைப்படலாம், காரப் பாத்துப் பொறாமைப்படலாம். ரத்தத்தப் பாத்துமா?”

புஹாரி நானா கத்தரியை எடுத்தார். துணியை ஒரு அங்குலம் குறைவாக வெட்டிவிட்டு, பிறகு வெட்கப்பட்டு வேறு துணி வெட்டிக் கொடுத்தார்.

இதில் மோசமான விஷயம், ஜெயராசா அவரோடு ஒட்டிக்கொண்டு திரிந்தது. கூடப்பிறந்த அண்ணனைப்போல “நானா, நானா” என்று எல்லா இடத்திலும் தேடி வருவார். கூட்டத்தில் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். தன் வீட்டு விசேஷத்துக்கு முதல் அழைப்பு புஹாரி நானாவுக்குத்தான். திட்டுகிறவனை வெறுக்கலாம். வாய் நிறைய நானா என்று கூப்பிடுகிறவனை என்ன செய்வது? ஜெயராசா இரண்டு சக்கர நாற்காலி கொடுத்தால் புஹாரி நானா மூன்று கொடுத்தார். அதற்கும் ஜெயராசா எழுந்து நின்று கைதட்டினார். அது இன்னும் எரிந்தது.

போன வருஷம் விஷயம் கையை மீறியது. புஹாரி நானாவுக்கு ஆடி மாதத்தில் அறுபது முடிகிறது. அறுபதோடு இரத்த வங்கி அவரிடம் இரத்தம் எடுக்காது. ஆகவே வரப்போகும் முகாம்தான் அவருடைய கடைசி முகாம். கடைசிப் படத்துக்குக் கல்லாவுக்கு மேலே ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கழகக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஆட்களைக் கொண்டுவருவது ஜெயராசாதானே, இந்த முறை முதல் ஊசியை அவருக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டுவிட்டார்.

ஜெயராசா அன்று கூட்டத்துக்கு வரவில்லை. சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். புஹாரி நானா முகம் சிவந்து எழும்ப, தலைவர் பண்டார மாத்தயா நடுவில் புகுந்தார். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், சண்டையை விரும்பாதவர். முகாமன்று காலை வாசல் மேசையில் இருவரில் யார் கூட்டி வந்த ஆட்கள் அதிகமாகப் பதிகிறார்களோ, அவருக்கு முதல் ஊசி. சமம் என்றால் பழைய முறைப்படி புஹாரிக்கே. எல்லோரும் சரியென்றார்கள்.

அடுத்தது திகதி. இரத்த வங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருந்தது. பலருக்கு முதலாவது வசதி. புஹாரி நானா இரண்டாவதுதான் வேண்டும் என்று பிடித்தார்.

ஏன் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஊவாவில் எந்தத் தோட்டத்தில் எந்த நாள் மாரியம்மன் திருவிழா என்று கோயில் ஐயர்மாரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அவர். மஞ்சள் துணி அவர் கடையில்தான் எடுப்பார்கள். அன்று காலைதான் ஜெயராசாவின் லொறி போகும் அதே தோட்டத்துக் கோயில் தலைவர் முருகையா வந்து ஒரு கட்டு மஞ்சள் துணி எடுத்துப் போயிருந்தார்.

“ரெண்டாவது ஞாயித்துக்கிழம பால்குடம் முதலாளி,” என்று முருகையா சொல்லியிருந்தார். “காப்பு கட்டிட்டா யாரும் டவுனுக்குக்கூட எறங்க மாட்டோம். அன்னைக்கு குடம் எறக்குற வரைக்கும் பச்சத் தண்ணி கெடையாது.”

பச்சைத் தண்ணீர் குடிக்காதவனிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள். லொறி வராது. புஹாரி நானா தன் வெற்றியைப் பூட்டி வைக்கவும் மறக்கவில்லை. கூட்டம் கலைவதற்கு முன் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்.

“ஒரு விஷயம். ரத்த வங்கிக்குத் திகதி குடுத்தாக் குடுத்ததுதான். பிறகு கோயில் எண்டும் பள்ளி எண்டும் வந்து யாரும் மாத்தச் சொல்லக் கூடாது. நோயாளிக்குத் திருவிழா இல்ல.”

கைதட்டல். பண்டார மாத்தயா அந்தக் கடைசி வசனத்தைத் திருப்பிச் சொல்லி ரசித்தார். மறுநாள் முருகையா இன்னும் கொஞ்சம் துணிக்கு வந்தபோது புஹாரி நானா இரண்டு கஜம் துணி சும்மா வெட்டிக் கொடுத்தார்.

கடை நாட்காட்டியில் ஹஜ்ஜுப் பெருநாள் செவ்வாய்க்கிழமை என்று போட்டிருந்தது. அதற்கு முதல்நாள் அரபா நோன்பு. அப்படியானால் முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வெறும் நாள். பள்ளிவாசல் இளைஞர்களை மபாஸிடம் சொல்லி வைத்துவிட்டார். மபாஸ் அவர்களுக்குத் தலைவன் மாதிரி, சொன்னால் முப்பது பேராவது வருவார்கள்.

நாட்காட்டி ஒரு கணக்கு வைத்திருந்தது. பிறை வேறொரு கணக்கு வைத்திருந்தது. ஒருநாள் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பிறகு வானொலியில் அறிவித்தார்கள், பிறை தென்பட்டுவிட்டது. மகள் ரிஸ்கா சந்தோஷமாகக் கூவினாள். “வாப்பா, பெருநாள் ஒருநாள் முந்திட்டு! திங்கக்கிழம!”

புஹாரி நானா சோற்றுப் பீங்கானில் கையை வைத்தபடி கணக்குப் பார்த்தார். திங்கள் பெருநாள். அப்படியென்றால் ஞாயிறு அரபா.

மற்றவர்களின் திருவிழாவையெல்லாம் மஞ்சள் துணி விற்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தவர், தன் நோன்பை நாட்காட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்.

மறுநாள் மபாஸ் கடைக்கு வந்தான். “நானா, ஞாயித்துக்கிழம எங்கட ஆக்கள் எல்லாரும் நோன்பு. மஃரிபுக்குப் பிறகு எண்டா வரலாம்.”

“முகாம் பகல் ஒரு மணியோட முடியுது மகன்.”

“அப்ப திகதிய மாத்துங்களே.”

மாற்றத்தான் நினைத்தார். பண்டார மாத்தயாவுக்குப் போன் எடுத்து, சுகம் விசாரித்து, மழையைப் பற்றிப் பேசி, கடைசியில் திகதிப் பக்கம் வந்தார். அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“ஐயோ புஹாரி, முந்தாநாள் ஜெயராசாவும் இதையே கேட்டார். கோயில் திருவிழாவாம். நான் உங்கட பேச்சச் சொன்னேன், நோயாளிக்குத் திருவிழா இல்ல எண்டு. பாவம், சரியெண்டு போயிட்டார். இப்ப உங்களுக்காக மாத்தினா நல்லா இருக்குமா?”

நன்றாக இருக்காது. புஹாரி நானா போனை வைத்துவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தார். பிறகு ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஜெயராசாவுக்கு ஒருவரும் இல்லை, தனக்கும் ஒருவரும் இல்லை. சமம். சமம் என்றால் பழைய முறை. அவர் மட்டும் நோன்பு பிடிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

லரீபாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “சுன்னத்தான நோன்புதான், விடுறது உங்கட விருப்பம். உசிரக் காப்பாத்த நோன்ப விட்டா அல்லாஹ் கூலி தருவான். நீங்க யாருக்காக விடுறீங்க எண்டு உங்களுக்குத்தான் தெரியும்.”

ஞாயிறு காலையில் வீடு முழுவதும் நோன்பில் இருக்க, புஹாரி நானா குசினியில் தனியாக நின்றுகொண்டு இடியப்பம் சாப்பிட்டார். வாங்கி ஒருமுறைதான் போட்ட வெள்ளைச் சேர்ட்டை உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். கட்டில்கள் வரிசையாக, அவர் கொடுத்த விரிப்புகளோடு. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கழகத்துக்காரர் சிலர், அவர்களின் வீட்டார் சிலர். லொறியும் இல்லை, மபாஸும் இல்லை. இருந்தவர்களும் வழக்கப்படி அவருக்காகக் காத்திருந்தார்கள். படம் எடுப்பவர் கதவோரக் கட்டில் பக்கத்தில் தயார். அந்த நிமிஷம் புஹாரி நானாவின் முகத்தில் பழைய கலியாண வீட்டுச் சிரிப்பு திரும்பியிருந்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள்.

அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ஜெயராசா இறங்கினார். செருப்பில்லாத கால், நெற்றியில் திருநீறு, கையில் காப்பு, இடுப்பில் புஹாரி நானாவின் கடை மஞ்சள் வேட்டி.

“நீங்க எங்க இங்க?” புஹாரி நானாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “காப்பு கட்டினா டவுனுக்கு எறங்க மாட்டீங்களே.”

“சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன் நானா. குடம் தூக்கறதுக்குள்ள திரும்பிடணும். ஒங்க கடைசி கேம்ப்பு. நான் இல்லாம எப்படி?” கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் சிரித்துக்கொண்டே சொன்னார். “ஆனா நானா, மஞ்சத் துணி ஒங்க கடையிலதான எடுத்தோம். பால்குடம் என்னைக்குன்னு ஒங்களுக்குத் தெரியாமலா?”

புஹாரி நானா சட்டென்று தாதியின் பக்கம் கையை நீட்டினார். தாதி அதில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது, இறங்கியது. தாதி முகம் சுளித்தார்.

“ஐயா, பிரஷர் நல்லாக் கூட. கொஞ்சம் இருங்க, திரும்பப் பாப்போம்.”

கொஞ்சம் இருந்தார். ஆனால் பக்கத்து நாற்காலியில் ஜெயராசா உட்கார்ந்துகொண்டு, கோயில் நோட்டீஸை மடித்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். “பதறாதீங்க நானா. மூச்ச இழுத்து விடுங்க.” இரண்டாவது தடவை பார்த்தபோது முதலில் இருந்ததைவிடக் கூடியிருந்தது.

“இண்டைக்கு ஏலாது ஐயா. வீட்ட போய்ப் படுங்க. நாளைக்கு மருந்தெடுங்க.”

மண்டபத்தில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. புஹாரி நானாவுக்கு ஊசி குத்தாமல் முகாம் தொடங்கியதே கிடையாது. அந்த நேரம், ஜெயராசாவை ஏற்றி வந்த ஓட்டோக்காரர் காத்திருந்து அலுத்து உள்ளே வந்தார். சும்மா நிற்பதைவிட நானும் கொடுக்கிறேனே என்றார். காலையில் பாண் சாப்பிட்டிருந்தார். வாசல் மேசையில் இருந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“உங்களக் கூட்டி வந்தது யாரு?”

“யாரும் கூட்டி வரல்ல. நான்தானே இவரக் கூட்டி வந்தேன்,” என்று ஓட்டோக்காரர் ஜெயராசாவைக் காட்டினார்.

மேசைக்காரர் யோசித்துவிட்டு ஜெயராசாவின் பெயரில் ஒன்று போட்டார். ஒன்றுக்குப் பூச்சியம். ஓட்டோக்காரர் போய்க் கதவோரக் கட்டிலில் படுத்தார். ஏன் அந்தக் கட்டில் என்று பிறகு கேட்டதற்கு, ஓட்டோ கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது என்றார். படம் எடுப்பவர் தயாராக நின்றவர்தானே, எடுத்துவிட்டார்.

புஹாரி நானா நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். நோன்பும் போய்விட்டது, ஊசியும் போய்விட்டது. ஜெயராசா, இரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த மேசையிலிருந்து ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார். தான் ஒரு சொட்டுக் குடிக்க முடியாத நாளில்.

“குடிங்க நானா. இங்க நம்ம ரெண்டு பேருல சாப்பிட்ட ஆளு நீங்க மட்டுந்தான்.”

அது கேலியா அன்பா என்று புஹாரி நானாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. குடித்தார். சீனி கூடியிருந்தது என்று மட்டும் சொல்கிறார்.

அன்று கிடைத்த இரத்தம் போதவில்லை. ஆகவே ஆவணியில் இன்னொரு முகாம் வைத்தார்கள். இந்த முறை பண்டார மாத்தயா திகதி வைப்பதற்கு முன் கோயிலையும் பள்ளியையும் விகாரையையும் கேட்டார். லொறி வந்தது. மபாஸின் ஆட்களும் வந்தார்கள். புஹாரி நானாவுக்கு அறுபது முடிந்திருந்தது. பிரஷருக்குக் காலையில் ஒரு குளிசை போட்டுக்கொண்டிருந்தார். வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விரிப்புகளோடு வந்து, கதவோரக் கட்டிலை ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். எவன் படுக்கப் போகிறான் என்று பார்க்க வேண்டும் என்றார்.

ஜெயராசாதான் படுத்தார். தாதி ஊசியை எடுத்தார். ஜெயராசா சட்டென்று புஹாரி நானாவின் கையைப் பிடித்தார். பிடித்த கை ஐஸ் மாதிரி இருந்தது.

“நானா, நகராதீங்க. எனக்கு ஊசின்னா சின்ன வயசுலேருந்தே பயம். ஆஸ்பத்திரியில போன் பண்றப்பல்லாம் கண்ண மூடிக்கிட்டுத்தான் குடுக்குறேன்.”

“அப்ப இவ்வளவு காலமும்?”

“நீங்க முன்னாடி படுத்துக் கெடந்து சிரிச்சீங்களே நானா. அதப் பாத்துக்கிட்டே குடுத்துருவேன். இப்ப யாரப் பாக்குறது?”

ஊசி இறங்கியபோது ஜெயராசா கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்தார். புஹாரி நானா கையை விடவில்லை. படம் எடுப்பவர் பக்கம் திரும்பி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

அந்தப் படம்தான் கல்லாவுக்கு மேலே கடைசி ஆணியில் தொங்குகிறது. அது மற்றவற்றைவிடப் பெரிது. கட்டிலில் இருப்பது வேறொருவர் ஆயிற்றே என்று யாராவது கேட்டால், புஹாரி நானா அளவுகோலை எடுத்து ஜெயராசாவின் முகத்தைத் தொட்டுக் காட்டுவார்.

“ஓ நெகட்டிவாம். ஆளப் பாருங்க, கண்ண மூடிட்டு. இப்ப இந்தப் பக்கம் பாருங்க.” அளவுகோல் இடப்பக்கம் நகர்ந்து முடி நிறைந்த முதல் படம்வரை போகும். “எதிலயாவது நான் கண்ண மூடியிருக்கேனா?”